புதிய கணிப்பொறி வந்தது – நோயாளிக்கு நன்மை வந்ததா?

மண்பானை வாங்கச் சந்தைக்குப் போகிறோம். பானை பார்க்க அழகாக இருக்கிறது. உடனே காசைக் கொடுத்துவிடுகிறோமா? இல்லை. பானையைக் கையில் எடுத்து விரலால் தட்டிப் பார்க்கிறோம். 'கணீர்' என்று சத்தம் வந்தால் நல்ல பானை. சத்தம் மந்தமாக இருந்தால் எங்கோ கீறல் இருக்கிறது.

பானையில் கீறல் இருந்தால் தண்ணீர் ஒழுகும். வேறு பானை வாங்கிக்கொள்ளலாம். மருத்துவமனைக்கு வாங்கும் ஒரு பொருளில் கீறல் இருந்தால் என்ன ஆகும்? அதை யார் தட்டிப் பார்ப்பது? எப்படித் தட்டிப் பார்ப்பது?

அமெரிக்க நாட்டின் ராணுவ மருத்துவமனைகளுக்குப் பெரும் செலவில் ஒரு புதிய கணிப்பொறி ஏற்பாடு வாங்கினார்கள். அதைத் தட்டிப் பார்த்த கதையைத்தான் இந்தப் புத்தகத்தில் படிக்கப் போகிறோம். அது தூரத்து நாட்டுக் கதை. ஆனால் அதில் நமக்கும் பாடம் உண்டு.

மருத்துவத் தகவல் என்றால் என்ன?

காய்ச்சல் என்று நாம் மருத்துவமனைக்குப் போகிறோம். முதலில் ஓ.பி. சீட்டு போடுகிறார்கள். பெயர், வயது, ஊர் எல்லாம் எழுதுகிறார்கள். டாக்டர் பார்க்கிறார். ரத்தப் பரிசோதனைக்கு ஒரு சீட்டு எழுதுகிறார். பரிசோதனை முடிவு இன்னொரு காகிதத்தில் வருகிறது. மருந்துக்கு மற்றொரு சீட்டு. எக்ஸ்ரே எடுத்தால் அதற்கு ஓர் உறை.

இவை எல்லாம் மருத்துவத் தகவல்கள். ஒவ்வொன்றும் முக்கியம். 'இவருக்குப் பெனிசிலின் ஊசி ஒத்துக்கொள்ளாது' என்பது ஒரு சிறிய வரி. அந்த வரி டாக்டரின் கண்ணில் படாவிட்டால் உயிருக்கே ஆபத்து வரலாம்.

காகிதத்தில் சில சங்கடங்கள் உண்டு. காகிதம் தொலையும், நனையும், கிழியும். ஒரே நேரத்தில் ஒரே இடத்தில்தான் இருக்கும். எழுத்து புரியாமலும் போகும். அதனால்தான் தகவல்களைக் கணிப்பொறியில் பதியத் தொடங்கினார்கள். டாக்டர் தன் அறையில் எழுதுவதை மருந்து கொடுப்பவர் தன் அறையிலேயே பார்க்கலாம். பத்து வருடத்துக்கு முந்தைய குறிப்பையும் ஒரு நிமிடத்தில் எடுக்கலாம். இப்படி ஒரு மருத்துவமனையின் எல்லாத் தகவல்களையும் கணிப்பொறி மூலம் இணைப்பதுதான் மருத்துவத் தகவல் ஏற்பாடு.

ராணுவத்தில் இது ஏன் அதிகம் தேவை?

நாம் பெரும்பாலும் ஒரே ஊரில் இருக்கிறோம். ஒரே மருத்துவமனைக்குப் போகிறோம். ராணுவ வீரரின் வாழ்க்கை அப்படி அல்ல. இந்த வருடம் பனிமலையில் இருப்பார். அடுத்த வருடம் பாலைவனத்தில் இருப்பார். அவருடைய மனைவி மக்களும் ஊர் ஊராக மாறுகிறார்கள். போகும் இடமெல்லாம் புதிய டாக்டர். அவருக்குப் பழைய கதை தெரியாது.

போரில் அடிபட்டால் நிலைமை இன்னும் கடினம். போர்முனையில் ஒருவர் முதலுதவி செய்கிறார். அடுத்த முகாமில் இன்னொருவர் அறுவைச் சிகிச்சை செய்கிறார். பிறகு விமானத்தில் ஏற்றி வேறு நாட்டு மருத்துவமனைக்குக் கொண்டு போகிறார்கள். வீரர் மயக்கத்தில் இருக்கிறார். என்ன ஊசி போட்டார்கள், எவ்வளவு ரத்தம் ஏற்றினார்கள் என்று அவரால் சொல்ல முடியாது. அவருக்காகப் பேசுவது அவரோடு போகும் குறிப்பு மட்டுமே.

கணக்கு கேட்ட பெண்மணி

ராணுவ மருத்துவமனையில் தகவல் சரியாக இருக்க வேண்டும் என்று அன்றே சொன்னவர் ஒருவர் உண்டு. அவர் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல். விளக்கேந்திய மங்கை என்று அவரைப் பள்ளிப் பாடங்களில் சொல்வார்கள்.

1854ஆம் ஆண்டு கிரிமியப் போர் நடந்துகொண்டிருந்தது. துருக்கியில் இருந்த பிரிட்டிஷ் ராணுவ மருத்துவமனைக்கு அவர் போனார். அங்கே அழுக்கும் நாற்றமும் நிறைந்திருந்தன. இன்னொரு குறையையும் அவர் கண்டார். எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கணக்கே சரியாக இல்லை. ஒரு பதிவேட்டில் ஓர் எண். இன்னொரு பதிவேட்டில் வேறு எண்.

அவர் கணக்குகளைத் திரட்டினார். போரில் பட்ட காயத்தால் இறந்தவர்களை விட நோயால் இறந்தவர்களே மிக அதிகம் என்று தெரிந்தது. காலராவும் சீதபேதியும் காய்ச்சலும் வீரர்களைக் கொன்றன. சுத்தம் இருந்தால் இவர்களில் பலரைக் காப்பாற்றியிருக்கலாம். அதை அவர் படம் போட்டு அரசாங்கத்துக்குக் காட்டினார்.

இந்தியாவில் இருந்த ராணுவ முகாம்களின் சுகாதாரத்தை ஆராய 1859இல் ஒரு குழு அமைந்தது. அதன் வேலையில் நைட்டிங்கேலுக்குப் பெரும் பங்கு உண்டு. இந்திய முகாம்களுக்கெல்லாம் கேள்வித் தாள்கள் வந்தன. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவு எங்கே போகிறது என்று கேட்டார்கள். இங்கே இருந்த பிரிட்டிஷ் வீரர்களில் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு 69 பேர் இறக்கிறார்கள் என்று 1863இல் வந்த அறிக்கை சொன்னது.

எண்ணிப் பார்த்ததால்தான் குறை தெரிந்தது. குறை தெரிந்ததால்தான் திருத்த முடிந்தது.

குறிப்பு இல்லாமல் பட்ட பாடு

1991ஆம் ஆண்டு வளைகுடாப் போர் நடந்தது. அமெரிக்கா சுமார் 7 லட்சம் வீரர்களை அங்கே அனுப்பியது. போர் முடிந்து வீடு திரும்பியவர்களில் பலருக்கு உடல்நலம் கெட்டது. தீராத அசதி. மூட்டு வலி. மறதி.

காரணம் என்ன? தடுப்பூசியா? மாத்திரையா? புகையா? ஆராய்ச்சி செய்தவர்கள் பழைய குறிப்புகளைத் தேடினார்கள். யாருக்கு என்ன ஊசி போட்டார்கள், யார் எந்த இடத்தில் இருந்தார்கள் என்ற குறிப்புகள் முழுமையாக இல்லை. அதனால் காரணத்தைத் தேடுவது மிகவும் கடினமாயிற்று. போருக்குப் போகும் வீரர்களின் உடல்நலத்தை முறையாகப் பதிவு செய்ய வேண்டும் என்று 1997இல் அங்கே சட்டம் வந்தது.

அந்த நாட்டு ராணுவ மருத்துவமனைகளில் அப்போதும் கணிப்பொறி இல்லாமல் இல்லை. 1988இல் ஒரு பெரிய ஏற்பாட்டுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். ரத்தப் பரிசோதனை, மருந்து, எக்ஸ்ரே ஆகியவற்றுக்கான சீட்டுகளை டாக்டர்கள் அதில் பதிந்தார்கள். 2000க்குப் பிறகு வெளி நோயாளிகளுக்காக இன்னொரு ஏற்பாடு வந்தது. அது மெதுவாக வேலை செய்கிறது, அடிக்கடி நின்றுவிடுகிறது என்று டாக்டர்கள் குறை சொன்னார்கள். பழையதும் புதியதும் ஒன்றோடு ஒன்று சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

கடைசியில் எல்லாவற்றையும் மாற்றி ஒரே ஏற்பாடாகக் கொண்டுவர முடிவு செய்தார்கள். 2015 ஜூலையில் ஒப்பந்தம் கையெழுத்தானது. மதிப்பு 430 கோடி டாலர். அந்த ஏற்பாட்டின் பெயர் 'ஜெனிசிஸ்'. வீரர்கள், ஓய்வு பெற்றவர்கள், அவர்களுடைய குடும்பத்தினர் என்று சுமார் 95 லட்சம் பேருக்கான ஏற்பாடு அது.

முதலில் நான்கு இடங்கள்

இவ்வளவு பெரிய ஏற்பாட்டை ஒரே நாளில் எல்லா மருத்துவமனைகளிலும் வைக்கவில்லை. முதலில் நான்கு இடங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். நான்கும் அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் உள்ள வாஷிங்டன் மாநிலத்தில் இருந்தன. அந்த நாட்டின் தலைநகரான வாஷிங்டன் வேறு, இந்த மாநிலம் வேறு.

2017 பிப்ரவரியில் ஃபேர்சைல்டு விமானப்படைத் தளத்தில் ஏற்பாடு தொடங்கியது. பிறகு ஓக் ஹார்பர், பிரெமர்ட்டன் ஆகிய ஊர்களின் கடற்படை மருத்துவமனைகளுக்கு வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் மடிகன் என்ற பெரிய ராணுவ மருத்துவமனைக்கு வந்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஃபேர்சைல்டு சிறிய இடம். மடிகன் மிகப் பெரிய மருத்துவமனை. சிறியதிலிருந்து பெரியதற்குப் போனார்கள். நம் விவசாயி புதிய விதையை முதலில் ஒரு பாத்தியில் போட்டுப் பார்ப்பார். நன்றாக வந்தால் வயல் முழுவதும் விதைப்பார். அதே முறைதான் இது.

சோதித்தது யார்?

விற்றவரிடம் கேட்டால் பொருள் நல்ல பொருள் என்றுதான் சொல்வார். வாங்கிய அதிகாரியிடம் கேட்டாலும் பெரும்பாலும் அப்படித்தான் சொல்வார். தான் எடுத்த முடிவு தவறு என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? எனவே சோதிப்பவர் மூன்றாவது ஆளாக இருக்க வேண்டும்.

அமெரிக்க ராணுவத்தில் இதற்கென்றே ஓர் அலுவலகம் உண்டு. 1983இல் அந்த நாட்டு நாடாளுமன்றம் சட்டம் இயற்றி அதை உண்டாக்கியது. பீரங்கியோ விமானமோ கணிப்பொறியோ, எதுவானாலும் உண்மையில் பயன்படும் இடத்தில் அது வேலை செய்கிறதா என்று பார்த்து அறிக்கை கொடுப்பது அதன் கடமை. பொருளை வாங்குவது அதன் வேலை அல்ல.

எப்படிச் சோதித்தார்கள்?

சோதனைக்காரர்கள் 2017இன் பிற்பகுதியில் மருத்துவமனைகளுக்கே போனார்கள். ஃபேர்சைல்டு, ஓக் ஹார்பர், பிரெமர்ட்டன் ஆகிய மூன்று இடங்களிலும் சோதனை நடந்தது. டாக்டர்களும் நர்சுகளும் மருந்து கொடுப்பவர்களும் புதிய ஏற்பாட்டைக் கொண்டு தங்கள் வேலையைச் செய்தார்கள்.

ஒரு மருத்துவமனையில் என்னென்ன வேலைகள் நடக்கின்றன என்று பட்டியல் போட்டார்கள். நோயாளியின் பெயரைப் பதிவது, மருந்து எழுதுவது, பரிசோதனைக்கு அனுப்புவது, முடிவைப் பார்ப்பது போன்ற வேலைகள். இப்படி 197 வேலைகளை அளவுகோலாக வைத்தார்கள். ஒவ்வொன்றையும் ஊழியர்கள் திருப்தியாகச் செய்து முடிக்க முடிகிறதா என்று பார்த்தார்கள்.

பயன்படுத்துவது எளிதாக இருக்கிறதா என்றும் கேட்டார்கள். இதற்கு ஒரு பழக்கமான முறை உண்டு. பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாளைக் கொடுப்பார்கள். 'இதை நான் அடிக்கடி பயன்படுத்த விரும்புவேன்', 'இது தேவையில்லாமல் சிக்கலாக இருக்கிறது' என்ற மாதிரி வாக்கியங்கள் அதில் இருக்கும். எவ்வளவு ஒத்துக்கொள்கிறீர்கள் என்று குறிக்க வேண்டும். கடைசியில் 100க்கு இத்தனை மதிப்பெண் என்று வரும். குறைந்தது 70 வந்தால் சரி என்று சோதனைக்காரர்கள் எல்லை வைத்தார்கள்.

முடிவு என்ன?

2018 ஏப்ரலில் அறிக்கை வந்தது.

197 வேலைகளில் நூற்றுக்கு 56 பங்குதான் திருப்தியாக நடந்தது. அதாவது ஏறக்குறைய பாதி வேலைகள் சரியாக நடக்கவில்லை. பயன்படுத்தும் எளிமைக்கு ஊழியர்கள் கொடுத்த சராசரி மதிப்பெண் 100க்கு 37. எல்லையோ 70.

அவசரமாகக் கவனிக்க வேண்டிய குறைகள் மட்டும் 156 என்று எண்ணினார்கள். தேவையான சில வசதிகள் ஏற்பாட்டில் இல்லவே இல்லை. சில இருந்தும் வேலை செய்யவில்லை. வேறு கணிப்பொறிகளிலிருந்து வரும் தகவல் சரியானதுதானா என்று ஊழியர்களுக்குச் சந்தேகம் இருந்தது. பயிற்சி போதவில்லை. கோளாறு என்று உதவி கேட்டால் கிடைத்த உதவியும் போதவில்லை. அன்றாட வேலைக்கு முன்பை விட அதிக நேரம் பிடித்தது. சிலர் வேலை நேரம் முடிந்த பிறகும் உட்கார்ந்து வேலை செய்தார்கள். பார்க்கும் நோயாளிகளின் எண்ணிக்கை குறைந்தது என்றும் சிலர் சொன்னார்கள்.

யோசித்துப் பாருங்கள். நோயாளிக்கு உதவ வந்த கணிப்பொறி. ஆனால் அதனாலேயே டாக்டர் குறைந்த நோயாளிகளைப் பார்க்கிறார். வரிசையில் நிற்கும் ஒருவர் நாளை வாருங்கள் என்ற பதிலைக் கேட்டுத் திரும்பிப் போகிறார்.

இந்த ஏற்பாடு இன்னும் பயன்தரும் நிலையில் இல்லை, பயன்பாட்டுக்கு ஏற்றதாகவும் இல்லை என்று அறிக்கை நேராகவே சொன்னது. குறைகளைத் திருத்தி, மடிகனிலும் சோதனையை முடிக்கும் வரை புதிய இடங்களுக்குக் கொண்டுபோக வேண்டாம் என்றும் சொன்னது.

பிறகு என்ன செய்தார்கள்?

கோடிக்கணக்கில் செலவு செய்த பிறகு இது சரியில்லை என்று கேட்பது எளிதல்ல. அறிக்கையை மூடி வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்திருக்கலாம். பல இடங்களில் அப்படித்தான் நடக்கிறது.

இங்கே அடுத்த இடங்களுக்குப் போவதை நிறுத்தி வைத்தார்கள். குறைகளைத் திருத்தினார்கள். பயிற்சியையும் மாற்றினார்கள். எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று மட்டும் சொல்லிக் கொடுத்தால் போதாது என்று தெரிந்தது. உங்கள் வேலையை இதில் எப்படிச் செய்வது என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். முன்பே பழகிய மருத்துவமனையின் ஊழியர்கள் புதிய இடத்துக்குப் போனார்கள். அங்கே இருந்த ஊழியர்களின் பக்கத்தில் நின்று உதவினார்கள். ஒரு நர்ஸ் சொல்லிக் கொடுத்தால் இன்னொரு நர்சுக்குச் சீக்கிரம் புரிகிறது. நம் எழுத்தறிவு மையங்களில் ஊர்க்காரரே ஊர்க்காரருக்குச் சொல்லிக் கொடுத்தது போலத்தான் இதுவும்.

2018இல் மடிகனில் சோதனை நடந்தது. 2019 செப்டம்பரில்தான் கலிபோர்னியா, ஐடஹோ மாநிலங்களில் அடுத்த நான்கு இடங்களில் ஏற்பாடு தொடங்கியது. சோதனைகளும் தொடர்ந்தன. சாதாரண மருத்துவப் பிரிவுகளில் வேலை ஒழுங்காக நடக்கத் தொடங்கியது. சில சிறப்புப் பிரிவுகளில் குறைகள் மீதி இருந்தன. பயிற்சி இன்னும் மேம்பட வேண்டும் என்றும் சோதனைக்காரர்கள் எழுதினார்கள். இப்படிச் சிறிது சிறிதாகப் பரவி, 2024 மார்ச்சில் கடைசி மருத்துவமனைக்கு ஏற்பாடு வந்து சேர்ந்தது. முதல் இடத்திலிருந்து கடைசி இடம் வரை ஏழு ஆண்டுகள் ஆயின.

தாமதம்தான். ஆனால் அந்தத் தாமதம் நோயாளிகளைக் காக்க உதவிய தாமதம்.

காணாமல் போன சீட்டுகள்

சோதனை எவ்வளவு முக்கியம் என்பதற்கு இன்னொரு நிகழ்ச்சியும் சாட்சி.

அமெரிக்காவில் முன்னாள் ராணுவ வீரர்களுக்குத் தனி மருத்துவமனைகள் உண்டு. அவற்றை வேறொரு துறை நடத்துகிறது. அந்தத் துறையும் ராணுவம் வாங்கிய அதே நிறுவனத்தின் ஏற்பாட்டை வாங்கியது. 2020 அக்டோபரில் ஸ்போகேன் என்ற நகரத்தில் முதன்முதலாகத் தொடங்கினார்கள்.

டாக்டர் ஒரு பரிசோதனைக்கோ மறு சந்திப்புக்கோ கணிப்பொறியில் சீட்டு எழுதுவார். அந்தச் சீட்டு உரிய பிரிவுக்குப் போக வேண்டும். எங்கே அனுப்புவது என்று கணிப்பொறிக்குப் புரியாவிட்டால்? விலாசம் சரியில்லாத தபாலை அனுப்பியவருக்கே திருப்பி அனுப்புவது தபால்காரர் வழக்கம். இந்தக் கணிப்பொறி அப்படிச் செய்யவில்லை. அந்தச் சீட்டுகளைத் தனியாக ஒரு பெட்டியில் போட்டு வைத்தது. அப்படி ஒரு பெட்டி இருப்பதே மருத்துவமனை ஊழியர்களுக்குத் தெரியாது. யாரும் அதைத் திறந்து பார்க்கவில்லை. சீட்டு போய்ச் சேர்ந்தது என்று டாக்டர் நினைத்தார். அழைப்பு வரும் என்று நோயாளி காத்திருந்தார்.

2021 ஜூன் வரை இப்படி 11,000க்கும் மேற்பட்ட சீட்டுகள் போய்ச் சேரவில்லை. இதனால் 149 பேருக்குத் தீங்கு ஏற்பட்டது என்று துறையின் தணிக்கை அலுவலகம் 2022 ஜூலையில் அறிக்கை வெளியிட்டது. பெரும்பாலும் சிறிய தீங்குகள், நடுத்தரமான தீங்குகள். ஒருவருக்குப் பெரிய தீங்கு. அவர் வீடு இல்லாதவர். மனச்சோர்வில் இருந்தவர். மனநல டாக்டர் அவரை மறுபடி வரச் சொல்லிச் சீட்டு எழுதினார். சீட்டு பெட்டியில் கிடந்தது. யாரும் அவரை அழைக்கவில்லை. சில வாரங்களில் அவர் உயிரை விட்டுவிடும் எண்ணத்துக்கே போய்விட்டார். நல்ல வேளையாக, உதவி கேட்டுத் தொலைபேசியில் பேசினார். அவரை மருத்துவமனையில் சேர்த்தார்கள்.

புதிய இடங்களில் இந்த ஏற்பாட்டைத் தொடங்குவதை 2023 ஏப்ரலில் அந்தத் துறை நிறுத்தி வைத்தது.

ஒரு சிறிய பெட்டி. அதில் விழும் சீட்டை யார் பார்ப்பது என்று யாரும் கேட்கவில்லை. மதிப்பீடு என்பது இந்த மாதிரிக் கேள்விகளைக் கேட்பதுதான்.

தட்டிப் பார்க்க ஏழு கேள்விகள்

இந்தக் கதையிலிருந்து நாம் ஏழு கேள்விகளைக் கற்றுக்கொள்ளலாம்.

1. வேலை நடக்கிறதா? வசதிகளின் பட்டியல் நீளமாக இருக்கலாம். அன்றாட வேலை அதில் முடிகிறதா என்று பார்க்க வேண்டும்.

2. தகவல் சரியானதா? ஒருவருடைய ரத்தப் பரிசோதனை முடிவு இன்னொருவர் பெயரில் வந்தால் ஆபத்து. உள்ளே போட்டதுதான் வெளியே வருகிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

3. தகவல் போய்ச் சேருகிறதா? சேராவிட்டால் யாருக்குத் தெரியும்? அதைச் சரிசெய்வது யார்?

4. பயன்படுத்துபவர் என்ன சொல்கிறார்? டாக்டரிடம் மட்டும் கேட்டால் போதாது. நர்ஸ், மருந்து கொடுப்பவர், சீட்டு எழுதுபவர் எல்லோரையும் கேட்க வேண்டும்.

5. எவ்வளவு நேரம் ஆகிறது? முன்பு நோயாளி ஒரு மணி நேரம் நின்றார். இப்போது எவ்வளவு நேரம் நிற்கிறார்? மாற்றத்துக்கு முன்பே இதை அளந்து வைத்தால்தான் பிறகு ஒப்பிட முடியும்.

6. நின்றுபோனால் என்ன செய்வது? மின்சாரம் போகும். இணைப்பு அறுந்து போகும். போர்முனையில் இணைப்பே இருக்காது. அப்போதும் சிகிச்சை நிற்கக் கூடாது. காகிதமும் பேனாவும் தயாராக இருக்க வேண்டும்.

7. ரகசியம் காக்கப்படுகிறதா? ஒருவருடைய நோய் அவருடைய சொந்த விஷயம். சம்பந்தம் இல்லாதவர் பார்க்கக் கூடாது. ராணுவத்தில் இது இன்னும் முக்கியம். எந்தப் படையில் எத்தனை பேர் உடல்நலம் இல்லாமல் இருக்கிறார்கள் என்பது எதிரிக்குத் தெரியக் கூடாத செய்தி.

புதிய ஏற்பாடு வந்த முதல் சில வாரங்களில் எல்லோரும் தடுமாறத்தான் செய்வார்கள். சைக்கிள் பழகும்போது விழுவது போலத்தான். அதனால் முதல் நாளிலேயே குறை சொல்லித் தள்ளிவிடக் கூடாது. பழகிய பிறகும் குறை தீரவில்லை என்றால் அது பழகியவரின் குறை அல்ல. ஏற்பாட்டின் குறை.

நம் நாட்டில்

நம் நாட்டிலும் ராணுவ மருத்துவமனைகள் பல ஊர்களில் உள்ளன. டில்லி, புனே, கொல்கத்தா, லக்னோ, பெங்களூரு ஆகிய நகரங்களில் பெரிய மருத்துவமனைகள் இருக்கின்றன. முன்னாள் வீரர்களுக்கும் அவர்களைச் சார்ந்த குடும்பத்தினருக்கும் 2003 முதல் தனி மருத்துவத் திட்டம் நடக்கிறது. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அந்தத் திட்டத்தின் அட்டை வைத்திருப்பவர் இருக்கலாம்.

மற்ற மருத்துவமனைகளிலும் கணிப்பொறிப் பதிவு வந்துவிட்டது. 2021இல் மத்திய அரசு நாடு முழுவதற்குமான ஒரு திட்டத்தைத் தொடங்கியது. விரும்புகிறவர்கள் 14 இலக்கம் கொண்ட ஆபா என்ற சுகாதார எண்ணைப் பெறலாம். அந்த எண் மூலம் ஒரு மருத்துவமனையின் குறிப்பை இன்னொரு மருத்துவமனையில் பார்க்க முடியும். நோயாளி சம்மதித்தால்தான் பார்க்கலாம்.

இது நல்ல முயற்சி. அதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. நமக்கு இப்போது படிக்கத் தெரியும். கணிப்பொறி அச்சிட்டுக் கொடுக்கும் தாளை நாமே படிக்கலாம்.

நாம் செய்யக்கூடியவை

ஓ.பி. சீட்டு வாங்கியதும் படித்துப் பாருங்கள். பெயர் சரியா? வயது சரியா? ஒரே ஊரில் ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். தகப்பனார் பெயர் அல்லது கணவர் பெயரும் சரியா என்று பாருங்கள்.

ஒத்துக்கொள்ளாத மருந்து இருந்தால் ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லுங்கள். கணிப்பொறியில்தான் இருக்குமே என்று விட்டுவிடாதீர்கள்.

சீட்டில் இருக்கும் மருந்தின் பெயரும் அட்டையில் இருக்கும் பெயரும் ஒன்றுதானா என்று எழுத்துக் கூட்டிப் படியுங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் எழுத்துகளை ஒப்பிட்டுப் பாருங்கள். வேறாக இருந்தால் மருந்து கொடுப்பவரிடம் கேளுங்கள். ஒரே மருந்துக்கு இரண்டு பெயர் இருக்கலாம். ஆனாலும் கேட்பதில் தவறில்லை.

பழைய சீட்டுகளையும் பரிசோதனைத் தாள்களையும் ஒரு பையில் தேதி வாரியாக வையுங்கள். கணிப்பொறி நின்ற நாளில் அந்தப் பை உதவும்.

முக்கியமான ஒன்று. பரிசோதனை முடிவை நாங்களே தெரிவிக்கிறோம் என்று சொன்னால், எத்தனை நாளில் என்று கேளுங்கள். அந்த நாள் கடந்தும் தகவல் வராவிட்டால் நீங்களே போய்க் கேளுங்கள். தகவல் வரவில்லை என்றால் உடம்பில் ஒன்றும் இல்லை என்று அர்த்தம் அல்ல. உங்கள் சீட்டு யாரும் திறக்காத ஒரு பெட்டியில் கிடக்கலாம்.

கேட்பதற்குத் தயங்க வேண்டாம். வாஷிங்டன் மாநிலத்தில் குறைகளை வெளியே கொண்டுவந்தது பெரிய அதிகாரிகள் மட்டும் அல்ல. தினமும் அந்தக் கணிப்பொறி முன்னால் உட்கார்ந்து வேலை செய்த ஊழியர்களும்தான். 'இது சரியாக வேலை செய்யவில்லை' என்று அவர்கள் சொன்னார்கள். அதை ஒருவர் எழுதிக்கொண்டார்.

சேர்ந்து பேசுங்கள்

1. சோதிப்பவர் ஏன் மூன்றாவது ஆளாக இருக்க வேண்டும்?
2. முதலில் நான்கு இடங்களில் மட்டும் தொடங்கியதால் என்ன நன்மை?
3. 11,000 சீட்டுகள் ஏன் போய்ச் சேரவில்லை? அதை முன்பே எப்படிக் கண்டுபிடித்திருக்கலாம்?
4. உங்கள் ஊர் மருத்துவமனையிலோ ரேஷன் கடையிலோ வங்கியிலோ புதிய இயந்திரம் வந்ததா? ஏழு கேள்விகளையும் அதற்குக் கேட்டுப் பாருங்கள். கிடைத்த பதில்களை உங்கள் நோட்டில் எழுதுங்கள்.